த்ரேயும் த்ராவும்

ருக்கியா: ...ரவையாந்தரே. அப்படித்தானுங்க சொன்னீங்க தூக்கத்துல. ரவை கேக்கறீங்கன்னு நெனச்சு உப்புமா கிண்டிட்டேன்.

சிக்கந்தர்: ரவையும் இல்ல, கோதுமையும் இல்ல. அது பிரெஞ்சு.

ருக்கியா: சைகோன்ல கடையக் கட்டிட்டு வந்து வருசக்கணக்காச்சு. தூக்கம் மட்டும் இன்னும் அங்கயே இருக்குதாக்கும்?

சிக்கந்தர்: பழகின வாயி... உப்புமாவுல உப்புக் கொறச்சல்.

ருக்கியா: பேச்ச மாத்தாதீங்க. பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுங்க, நானும் படிச்சுக்கறேன்.

சிக்கந்தர்: நீயா? சரி, சொல்லு. ரெ... வியான்... த்ரே.

ருக்கியா: ரெ... வியான்... திரே.

சிக்கந்தர்: திரே இல்ல புள்ள, த்ரே! அந்த 'ன்'ன மூக்குலயே முழுங்கிடோணும். 'ர'வத் தொண்டையில உரசோணும்.

ருக்கியா: பாதிய முழுங்கி, மீதிய உரசி... இது பேச்சா, இருமலா? சரி, அர்த்தம் என்னங்க?

சிக்கந்தர்: அது வந்து... 'போயிட்டு வந்தேன்'னு.

ருக்கியா: எங்க போயிட்டு?

சிக்கந்தர்: எங்கயோ! கம்பம்மெட்டுக்கு ஏலக்கா எடுக்கப் போயிட்டு நேத்து வந்தனே, அப்படின்னு வச்சுக்கயேன்.

ருக்கியா: ஓ... அப்ப ரெ-வியான்-த்ரான்னா?

சிக்கந்தர்: கடைசி அசைய மாத்திட்ட பாத்தியா? த்ரேன்னா நானு. த்ரான்னா அவரு. 'அவரு திரும்பி வருவாரு.'

ருக்கியா: இருங்க, இருங்க... எனக்குக் கொழம்புது. அவருன்னா 'வருவாரு'. நானுன்னா மட்டும் 'வந்தேன்'னா?

சிக்கந்தர்: பிரெஞ்சு அப்படித்தான்... கொஞ்சம் ஏறுக்குமாறு.

ருக்கியா: த்ரேன்னா 'திரும்பி வருவேன்'தானுங்களே?

சிக்கந்தர்: ...ஆமா.

ருக்கியா: யாருகிட்டச் சொன்னீங்க?

சிக்கந்தர்: கப்பல் ஏறறப்ப ஆளுக்கு ஆள் என்னென்னமோ சொல்றதுதான்... ஒரு பேச்சுக்கு.

ருக்கியா: பேச்சுக்குச் சொன்னத இத்தன வருசம் கழிச்சும் தூக்கத்துல சொல்லுவாங்களா? என்ன உட்டுட்டுப் போயிருவீங்களா?

சிக்கந்தர்: அல்லா மேல ஆணையாப் போகமாட்டேன். அது முடிஞ்சுபோன கதை. ஆனா... ஒண்ணு கேக்கறேன். தூக்கத்துல நான் சொல்றது த்ரே. த்ரான்னு உனக்கு யாரு சொன்னது?

ருக்கியா: நீங்க கம்பம்மெட்டுல இருக்கறப்ப உங்க கூட்டாளி சைனுதீன் அண்ணன் சைகோன்ல இருந்து வந்துட்டாருங்க. கூட ஒரு பொம்பள வந்து அவங்க ஊட்டுல உக்காந்திருக்கா. யாரு என்ன கேட்டாலும் உங்க பேரச் சொல்றா, அப்புறம் அந்தத் த்ராவச் சொல்றா... வேற ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறா.