சிவப்பா, நீலமா

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பவர்கள் கார் வைத்திருப்பார்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் திரும்பும்போது முன் சீட்டில் இப்படி ஒரு குரல்:

"இந்த ஸ்க்ரூ இனிமே ஜென்மத்துக்கும் கழலக் கூடாதும்மா. மெஷின் ஸ்க்ரூ கழலாம இருக்க வைப்பியே, அந்தச் சிவப்புப் பசை போட்டுடட்டா?"

கேட்டவர் ஷூ கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவர். கையில் மடக்குக் கத்தி, அதன் பிடியிலிருந்து கழன்ற ஸ்க்ரூ. பக்கத்தில் அதே கம்பெனியின் மெக்கானிக், இளம்பெண்.

"வேணாண்ணா. சிவப்பு போட்டா சூடு காட்டினாதான் கழலும். உங்க கத்திக்கு பிளாஸ்டிக் பிடி, உருகிடும். எண்ணெய நல்லா தொடச்சிட்டு நீலம் ஒரு சொட்டு வைங்க. தானா கழலாது, வேணும்னா நாம கழட்டிக்கலாம். போன வாட்டி இன்னா போட்டீங்க?"

"ஷூவுக்கு சோல் ஒட்டுவோமே, அந்தப் பசை."

"ஸ்க்ரூவுக்கா?"

"சோலே நிக்குதேன்னு போட்டேன். இன்னிக்கு பேக்கிங்ல கழண்டு வுழுந்துடுச்சு. வெளிநாடு போற ஷூ, உள்ள இரும்பு போச்சுன்னா அவ்ளோதான். கட்டின பொட்டி எல்லாத்தையும் பிரிச்சு, ஒவ்வொரு ஷூவா கை வுட்டுத் தேடினோம். சூபர்வைசரே தரையில உக்காந்துட்டாரு. எனக்கு வேற கால்ல ஏதோ குத்திக்கினே இருந்துச்சு, குனிஞ்சு பாக்க நேரமில்ல."

அந்தப் பெண் அவர் காலைப் பார்த்தாள். "அண்ணா, ஸ்க்ரூ எங்க கெடச்சுது?"

அவர் ஷூ போட்ட காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சூபர்வைசர் கிட்ட சொல்லிடாதம்மா. கடைசிப் பொட்டியில இருந்துச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."