மச்சான் பிடிக்கும் கயிறு

“அந்த மந்திரப் பிள்ளைக்கு நல்ல மச்சான் வாய்க்கல, ஏளா” என்று முன்னிருக்கையிலிருந்த பெண் தன் தோழியிடம் சொன்னதும் நான் நாளிதழை மடித்து வைத்தேன். தூத்துக்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் செல்லும் பேருந்து உப்பளங்களைக் கடந்துகொண்டிருந்தது. மந்திர சக்தி கொண்ட சிறுமியைப் பற்றிய, பலரும் விரும்பிப் பார்த்த ஜப்பானிய அனிமே ஒன்றிலிருந்து கிளைத்த புதிய தொடரைப் பற்றியது அவர்கள் பேச்சு. மூலத்தொடருக்கு வெறும் ஆசைக்காகவே தமிழ் சப்டைட்டில் எழுதியவள் அந்த முன்னிருக்கைப் பெண்தான் என்பது போகப்போக விளங்கியது.

“இவ கடலுக்குள்ள முங்குதா. மேல படகுல இவ கயிறப் பிடிச்சிருக்க கூட்டாளி, போன் வந்ததும் கயிறப் போட்டுட்டுப் போயிருதா. பழைய தொடர்ல இப்படி ஒரு தடவ நடந்திருக்கா?”

“கதைதான, விடு.”

“எங்க அப்பா சங்கு குளிக்கும்போது கயிறு அம்மாவோட அண்ணன் கையிலதான் இருக்கும். தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதான் இருக்குன்னு மாமாவுக்குத் தெரியும். மூக்கு அரிச்சாக்கூட சொறிய மாட்டாரு.”

தோழி சிரித்தாள். “அப்போ இதுக்கு நீ தமிழ் எழுத மாட்ட.”

“ஏன் எழுதாம? நாலு பாகம் எழுதியாச்சு. பாதியில விட்டா, கயிறப் போட்டுட்டுப் போனவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

“மோசமான தொடர்ல உன் பேரு வரும், பாத்துக்கோ.”

“வரட்டும். கதைதான் மோசம், தமிழ் எவ்வளவு நல்லாருக்குன்னு பாக்கவங்க சொல்லணும். இந்தத் தடவ பேரக் கொஞ்சம் பெரிசாவே போடுதேன்.”