சர்வே சாரின் முட்டி

அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சொந்தமாக லாரிகள் விடுகிறேன். எந்த வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை போயிருக்கிறதென்று சத்தத்தை வைத்தே சொல்வேன். அதனால் நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பேச்சு காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மைன்ஸுக்குக் காண்ட்ராக்டில் ஜீப் விட்டிருக்கும் இளைஞன் ஒருவன். பக்கத்தில் அந்த ஜீப்பை ஓட்டும் அவனுடைய அக்கா புருஷன்.

"மழை பேஞ்சா மைன்ஸ்ல ஜீப்போட அடிப்பக்கம் சேத்துல ஒரசுது மாமா. வண்டிய நாலு இன்ச் ஒசத்துற லிஃப்ட் கிட் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்."

"சர்வே சாரோட முட்டிய நெனச்சிப் பாத்தியா மச்சான்?"

"அவரு முட்டிக்கும் கிட்டுக்கும் என்னா?"

"மைன்ஸ அளக்க தெனம் நம்ம ஜீப்புல அவருதான ஏறி எறங்குறாரு. இப்பவே கம்பியப் புடிச்சிக்கினு முருகா முருகான்னு ஏறுறாரு. நாலு இன்ச் தூக்கிட்டா, அடுத்த காண்ட்ராக்டுக்குத் தாழ்வா இருக்குற வண்டியா பாத்துச் சொல்லிடுவாரு."

"ஒரு ஸ்டூல் போட்டுடலாமே."

"லேபர் அத்தன பேரும் பாக்க ஸ்டூல்ல ஏறுவாரா? அதுக்கே நம்மள தொரத்திடுவாரு."

யோசனை சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது; அடக்கிக்கொண்டேன்.

பண்ருட்டியில் இறங்கிய இளைஞன் திரும்பி, கம்பியைப் பிடித்து, வலது முட்டியை மடக்காமலே பஸ் படியில் ஏறப் பார்த்தான். முடியவில்லை.

"ஏறுறியா, எறங்குறியாப்பா?" என்றார் கண்டக்டர்.

காலை எடுத்துக்கொண்டு மாமாவிடம் சொன்னான்: "ரெண்டு இன்ச்சே போதும். சேத்த நீங்க பாத்து ஓட்டிக்குங்க."