ஏப்ரல் மாதப் பட்டியல்

உதவி பெறுகிறவர்களின் பெயர்களை மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் வாசித்த பிறகே உதவியைத் தொடங்க வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். நல்ல விதி அது. சங்கரன்கோவிலில் எங்கள் சபையின் ஆதரவுச் சங்கம் இன்றும் அப்படித்தான் செய்கிறது.

சங்கம் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விதவைகளுக்கு அரிசி, கைக்குழந்தைகளுக்குப் பால் மாவு, நோயாளிகளைத் துணையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பது. பெயரையும் கஷ்டத்தையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டால், காரியதரிசி தன் சொந்தக்காரர்களுக்கு ஒளித்துக் கொடுத்தான் என்று யாரும் பேச முடியாது. சபையாரும் ஜெபிக்க வசதி. இருபத்தோரு வருஷம் காரியதரிசியாக இருந்தேன். அப்படி ஒரு பேச்சு என்மேல் வந்ததில்லை.

என் பெயர் தேவசுந்தரம். தொடக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பிரசவத்தில் இறந்தாள். அந்தக் குழந்தையை, ரத்தினத்தை, என் தங்கை கிருபாபாய் வளர்த்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. ரத்தினத்துக்குப் பத்து வயது ஆகும்வரை தனக்கு வரன் பார்க்க அவள் விடவில்லை. அதற்குப் பிறகு கிடைத்தவர் சிவகிரியில் ஒரு தறிக்காரர். ஒன்பது வருஷத்தில் அவர் நெஞ்சு நோயில், அதாவது காசநோயில், போய்விட்டார். கிருபா சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து நெசவாளர் தெருவில் ஒற்றை அறையில் இருந்தாள். அவளை என் வீட்டுக்கு நான் கூப்பிடவில்லை. வரும்போதே இருமிக்கொண்டுதான் வந்தாள். ஆசிரியப் பயிற்சியில் இருந்த ரத்தினத்துக்கு நான் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன்.

1970 பிப்ரவரியில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் இலாகாவில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய தாயார், "எங்க வகையறாவுல நெஞ்சு நோய் கெடையாது. உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

சங்கத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதி வருகிற வேலை வேதமணியுடையது. வாய் கொஞ்சம் நீளம். மார்ச் கடைசியில் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க தங்கச்சி ரத்தமாத் துப்புதா, அண்ணாச்சி. டாக்டரு உடனே ஆஸ்பத்திரியில சேக்கணும்னுட்டாரு. ஊசி போட்டா பொழச்சிக்கிடுவாளாம். ஏப்ரல் பட்டியல்ல மொதப் பேரா எழுதிட்டேன். ஞாயித்துக்கெழமை வாசிச்சதும், திங்கக்கெழமை நானே பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிருவேன்."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்ட லெச்சணந்தான் தெரியுதே. அவ அடுப்புல பூனைதான் குட்டி போட்டிருக்கு."

அந்த ஞாயிறு ஏப்ரல் ஐந்தாம் தேதி. ரத்தினத்துக்கு முதல் ஓலை வாசிக்கும் நாளும் அதுதான். எங்கள் சபைகளில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலை முடிந்ததும் சங்கத்தின் பட்டியல். வாசிப்பவரும் ஒருவரே. 'தேவசுந்தரம் அவர்களின் குமாரத்தி' என்ற குரல் அடங்குவதற்குள் 'தேவசுந்தரம் அவர்களின் சகோதரி, காசநோய்' என்று வரும். முன் பெஞ்சில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டியலைப் புதிதாக எழுதினேன். பதினோரு பெயர் பத்தாயிற்று.

கிருபா வந்து பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்து, ரத்தினம் சம்பந்தி வீட்டுப் பெண்களோடு முன்னால் போன பிறகு, என்னிடம் வந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

"ஓலை நல்லாக் கேட்டுச்சுண்ணே. நம்ம ரத்தினம் பேரச் சொல்லையில மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. எம் பேருதான் காதுல விழல. வேதமணியக்கா வாசிப்பாவன்னு சொன்னாவ."

"கமிட்டியில ஒத்துக்கிடல. கூடப்பொறந்தவன் இருக்கையில சங்கம் எதுக்குன்னுட்டாங்க."

"அதுவுஞ் சரிதான். நீங்க இருக்கியள்லா" என்றாள்.

வேதமணி அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டாள். "எம் பட்டியல்ல கைய வச்சது யாரு?"

"அவளே வேண்டாம்னுட்டா. பேரு வாசிச்சா மானம் போயிரும்னு அழுதா."

"ரத்தந் துப்புதவளுக்கு ரோஷத்தப் பாரேன். அப்ப மானத்தையே கரைச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

கலியாணம் ஏப்ரல் இருபத்திரண்டு, புதன்கிழமை. அடுத்த பட்டியல் மே மூன்று. அதில் கிருபாவின் பெயரை முதலில் சேர்ப்பதாக இருந்தேன்.

இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை, எங்கள் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு முனையில் கிருபா வருவதைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் சேலை கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப் போய் வழியிலேயே நிறுத்தினேன்.

"ஒரு தடவ பிள்ளையப் பாத்துட்டுப் போயிருதேண்ணே. கிட்ட வரமாட்டேன். பந்தக்காலுகிட்டயே நின்னுக்கிடுதேன்."

"கலியாணம் முடியட்டும். பொண்ணையும் மாப்பிள்ளையையும் நானே கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப் போனேன். கை கொதித்தது. பாயில் படுக்க வைத்து, பக்கத்தில் குடத்தில் தண்ணீர் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டினேன். காய்ச்சல் வேகத்தில் மறுபடியும் எழுந்து வந்தால் தெருவில் விழுந்துவிடுவாள்.

பக்கத்து வீட்டில் நூல் சுற்றுகிற மாரித்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். தொத்து நோய், யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சாப்பாடு நான் கொண்டுவருவேன் என்று அவளிடம் சொன்னேன்.

"ஒரு வாய் கஞ்சித் தண்ணியாவது..." என்றாள். வேண்டாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போகவில்லை. புதன்கிழமை கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மணப்பெண் அறையில் ரத்தினம் என்னைக் கூப்பிட்டு, "அத்தை எங்கப்பா?" என்றாள். சிவகிரிக்குப் போனவளால் வர முடியவில்லை என்று சொன்னேன். "எங் கலியாணத்தவிட அங்கன அப்படி என்ன வேலை அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு, கண் மை கலையாமல் அழுதாள்.

வியாழக்கிழமை காலை பெண்ணையும் மாப்பிள்ளையையும் ரயிலேற்றிவிட்டு நேராக நெசவாளர் தெருவுக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாரித்தாய் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"நேத்துக் கோயில் மணி அடிக்கையிலகூட இருமுனாவ, வாத்தியாரய்யா. பெறவு கதவத் தட்டுனாவ. 'அண்ணே, வந்துட்டியளா'ன்னு கேட்டாவ. நீங்க சொன்னியளேன்னு நான் தொறக்கல."

நாதாங்கியை எடுத்துவிட்டுத் தள்ளினேன். கதவு கனத்தது. அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். வெளியே கட்டிக்கொள்கிற சேலையைக் கட்டியிருந்தாள். குடத்தில் தண்ணீர் இல்லை.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ரோஷக்காரி, அண்ணன்தான் என்ன செய்வான் என்று பேசிக்கொண்டார்கள். மாரித்தாயிடம் மட்டும், "நீயும் தொறக்கலையே" என்று ஒரு தடவை சொன்னேன். அவள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வேதமணிதான் பாவம். "அவ ரோஷப்பட்டான்னு நானும் ரோஷப்பட்டுட்டனே, அண்ணாச்சி. மறுநாளே போயி இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்று பத்தொன்பது வருஷமாக என்னிடம் வந்து அழுவாள். நான் தேற்றி அனுப்புவேன். இந்த ஜனவரியில் படுக்கையில் கிடந்தபோது, அந்த ஒரு குற்றத்துக்காகத் தனக்கு மன்னிப்புக் கிடைக்க ஜெபிக்கும்படி கேட்டாள். பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்தேன். மனம் ஆறிப் போனாள் என்று நினைக்கிறேன்.

வேதமணியை அடக்கம் செய்துவிட்டு வந்துதான் இதை எழுதத் தொடங்கினேன். பெயரை நீக்கியவன் நான். கிருபாவிடமும் வேதமணியிடமும் பொய் சொன்னவன் நான். நாதாங்கியை மாட்டியது, அவள் விழுந்துவிடுவாள் என்பதற்காக அல்ல. அவளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. மூன்று நாள் நான் போகாமல் இருந்தது மறதி அல்ல. போனால் அவள் எந்த நிலையில் இருந்தாலும் கலியாணம் நின்றுவிடும் என்று தெரியும். போகாதவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

இதைச் சங்கத்தின் தலைவரிடம் கொடுத்து, சபையில் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். கிருபாவுக்கு நான் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான். ஆனால் போன வாரம் ரத்தினத்திடமிருந்து கடிதம் வந்தது. அவள் மகளுக்கு வரன் அமைந்திருக்கிறதாம். மிகவும் நல்ல குடும்பமாம். ஆகையால் இப்போதைக்கு இதை யாரிடமும் கொடுப்பதற்கில்லை. கலியாணம் முடியட்டும்.