படகில் ஏறினால் பைக்குள் போன்

அறிவால் நிமிர்ந்து, அன்பால் கனிந்து, இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சறோஜினிதேவி ரீச்சர் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மாடுகளைக் கட்டிவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! கடலோடும் தோழர்களே! பின்னால் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! நெடுந்தீவுப் படகுப் பயணிகள் சங்கச் செயலாளர் கிறிஸ்தோப்பரின் கைகூப்பிய வணக்கம்.

போனே வேண்டாம் என்று சொல்ல வந்தேனா? இல்லை! வீட்டில் பேசுங்கள். வயலில் பேசுங்கள். குசினியில் கறி கருகும்வரை பேசுங்கள். ஆனால் ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், படகில் ஏறிய நொடியிலிருந்து இறங்கும் நொடிவரை, போன் பைக்குள் இருக்கட்டும்! இதுதான் இன்றைய தீர்மானம்.

ஏன் இந்தக் கெடுபிடி என்கிறீர்களா? வெட்கத்தோடு சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை. சோளகக் காற்று சுழன்றடித்தது. குறிகட்டுவான் துறையிலிருந்து நாற்பது பேர் நம் தீவுக்குப் புறப்பட்டோம். பாதிக் கடலில் சிக்னல் போகும். கொஞ்சத் தூரத்தில் திரும்பி வரும். அதுவும் இடப்பக்கம்தான் நன்றாக வரும். இது நம் தீவில் யாருக்குத் தெரியாது?

வந்தது சிக்னல்! முதலில் அடித்தது யாருடைய போன்? அடியேனுடையது! பாரிஸிலிருந்து தங்கை ஞானசவுந்தரி.

"அண்ணை, எங்கடை கடலைக் காட்டுங்கோ!"

காட்டாமல் இருப்பேனா? எழுந்தேன். இடப்பக்கம் நடந்தேன். என்னைக் கண்டு பத்துப் பேர் எழுந்தார்கள். பத்துப் பேரைக் கண்டு இருபது பேர் வந்தார்கள். எங்கும் ஹலோ! எதிலும் ஹலோ! படகு சரிந்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

படகோட்டி மரியதாசன் அண்ணை, "இருங்கோ! எல்லாரும் கீழை இருங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். கேட்டோமா? காதில்தான் போன் இருந்ததே! கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எனக்கே அழைப்பு எடுத்தார்!

"கிறிஸ்தோப்பர், நான் மரியதாசன். உமக்குப் பின்னாலை பத்தடியிலைதான் நிக்கிறன். படகு கவிழப்போகுது, இரும்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் திரும்பிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடப்பக்கப் பலகையில் வினோதா. அவர் பிள்ளைக்கு நாற்பதே நாள். தண்ணீர் அவர் இடுப்புவரை. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டு கையாலும்! எழுந்தவர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பி அமர்ந்தோம், படகு நிமிர்ந்தது, எல்லோரும் பிழைத்தோம். நான் மட்டும் இன்றுவரை தலை நிமிரவில்லை.

"இந்தக் கட்டுப்பாடு வராட்டி நான் இனிப் படகு எடுக்கமாட்டன்" என்று மரியதாசன் அண்ணை சொல்லிவிட்டார். அவர் மறுத்தால் நாளை ஆசிரியர் எப்படி வருவார்? நோயாளி எப்படிப் போவார்?

என்ன தனேஸ் தம்பி? "அவசரமெண்டால் என்ன செய்யிறது?" என்றா கேட்கிறீர்? நல்ல கேள்வி. படகோட்டியிடம் சங்கத்தின் போன் ஒன்று இருக்கும், உயிர் அவசரமென்றால் அதில் பேசலாம். மற்ற அவசரமெல்லாம் ஒரு மணித்தியாலம் பொறுக்கும். பாரிஸ் எங்கும் ஓடிப்போகாது. நெடுந்தீவும் ஓடிப்போகாது. நடுவில் ஆடுவது நம் படகு ஒன்றுதான்!

ஆகவே, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்!

ஐயோ, கையைத்தானே கேட்டேன்? ஒவ்வொரு கையிலும் ஒரு போன் என்னைப் படம் பிடிக்கிறதே! கீழே வையுங்கள். வெறுங்கையை உயர்த்துங்கள். ஆம்! அப்படி!

முன்வரிசையில் ஒருவர் மட்டும் உயர்த்தவில்லை. வினோதா. அவருக்கு எப்படி முடியும்? இரண்டு கையிலும் பிள்ளை இருக்கிறதே! அம்மா, நீர் கையை எடுக்காதேயும். உமக்காக என் மற்றக் கையையும் உயர்த்துகிறேன்.

மரியதாசன் அண்ணை, எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை படகு எடுப்பீர்களா?

"ஓம்" என்கிறார்! அந்த ஒரு சொல்லுக்கும், உயர்ந்த கைகள் அத்தனைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளை இறங்குதுறையில் சந்திப்போம், வணக்கம்!