சுவரை இடித்த தாயும் நம் கோயில் வாசலும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆசி வழங்க வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பாடற்குழுவில் என் குரலைச் சேர்க்க மறுத்த பண்பாளர்களே, முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையைக் கையிலும் பிடித்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

நம் கோயிலின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். முதலாவதை மட்டும் செய்கிறேன்.

ஊரில் அன்று இரண்டே தெருக்கள். ஆற்றுத் தெரு, மலைத் தெரு. கூரைக் கோயில் புயலில் போனதும், கல்லால் கட்ட இரு தெருவும் கூடின. கல் சுமந்தார்கள், மண் சுமந்தார்கள், கூடவே பகையையும் சுமந்தார்கள்! வாசல் எந்தத் தெருவைப் பார்ப்பது? ஆற்றுத் தெருக்காரர் வாசல் விட்டால், அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மலைத் தெருக்காரர் அடைத்தார். இவர் விட்டால் அவர் அடைத்தார். என்னம்மா? இரண்டு வாசல் வைத்திருக்கலாமே என்கிறீர்களா? வைக்கப் பார்த்தார்கள். எது முன்வாசல், எது பின்வாசல் என்று அதற்கும் ஒரு சண்டை!

சுவர் எழுந்தது, வாசல் எழவில்லை. கொத்தனார் கைகட்டி நின்றார். "சாமி, கூரை போடட்டுமா?"

"போட்டுட்டா நான் எப்படிப்பா உள்ள போறது?"

ஆம் அன்பர்களே! சாமியார் ஏணி வைத்துச் சுவரேறி இறங்கிப் பூசை வைத்தார். மக்கள் வெளியே மண்டியிட்டார்கள். செய்தி ஆயருக்கு எட்டியது. "வாசல் இல்லாத கோயிலுக்குச் சாமியார் எதுக்கு? நான் வந்து பார்க்கிறதுக்குள்ள வாசல் வைக்கலைன்னா, அவரை வேற பங்குக்கு மாத்திடுவேன்" என்று சொல்லியனுப்பினார். அப்போதாவது இறங்கினார்களா? கோபம் இறங்கியதா? குரல் இறங்கியதா?

அந்த வேளையில்தான் ஆற்றுத் தெருவில் பிறந்து மலைத் தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி பிள்ளை பெற்றாள். அவளுக்குக் கல்லுடைக்கும் தொழில். தலைப்பிள்ளை, நோஞ்சான் பிள்ளை. திருமுழுக்கை இனியும் தள்ளிப்போட அவளுக்கு மனமில்லை. திருமுழுக்குத் தொட்டியோ உள்ளே. பச்சை உடம்புக்காரி ஏணி ஏற முடியுமா? மூலையோரம் ஒரு குறுகலான ஜன்னல். அதன் வழியே பிள்ளையை உள்ளே நீட்டினார்கள்.

"சாமி, தலையைப் பிடிங்க! தலை நிக்காத பிள்ளை!"

"பிடிச்சுட்டேம்மா!"

"எங்க பிடிச்சிருக்கீங்க?"

"காலைத்தாம்மா முதல்ல குடுத்தாங்க!"

பிள்ளை வீறிட்டது. சாமியார் லத்தீனில் தாலாட்டினார். அது இன்னும் வீறிட்டது! சிரிக்கிறீர்கள். வெளியே நின்ற தாய் சிரிக்கவில்லை. அழுத அழுகையில் பிள்ளையின் குரல் ஒரு கணம் அடங்கிப்போனது. அவள் கொத்தனாரின் கடப்பாரையைப் பறித்தாள்.

பதறி ஓடிவந்தார் அவள் அப்பா. "அம்மாடி, இடிக்கிறதுதான் இடிக்கிற, நம்ம தெருப் பக்கமா இடி!"

குறுக்கே வந்தார் மாமனார். "மருமகளே, வாழ வந்த வீட்டை நினைச்சுப் பாரு!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம்புள்ள அழுவுற பக்கந்தான் இடிப்பேன்."

இடித்தாள்! கல் பெயர இடித்தாள், காரை உதிர இடித்தாள், இரண்டு தெருவின் ஆணவமும் அதிர இடித்தாள்! கை ஓய்ந்து அவள் சாய்ந்தபோது, மிச்சக் கல்லைப் பெயர்த்தவர்கள் யார்? அப்பாவும் மாமனாரும்! ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு! தாய் உள்ளே நுழைந்தாள், பிள்ளையை வாங்கினாள், பசியாற்றினாள். பிறகுதான் தண்ணீர் ஊற்றினார் சாமியார். எட்டிப் பார்க்க வந்த இரு தெருவும், எட்டிப் பார்த்த இடத்திலேயே முழங்காலிட்டன.

ஆயர் வந்தார். பருத்த மனிதர். பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி நுழைந்தார். "மூலையில போய் வாசல் வச்சது யாரு?"

"பசிச்ச பிள்ளை, ஆண்டவரே" என்றார் சாமியார்.

ஆயர் சிரித்த சிரிப்பில், சாமியார் இங்கேயே தங்கினார்.

அருமைப் பெருமக்களே! கோயிலைக் கட்டியவர்கள் பலர், திறந்தவள் ஒருத்தி! அவள் ஆறு எது, மலை எது என்று பார்த்தாளா? அழுகை கேட்ட திசையைப் பார்த்தாள்! அந்தத் திசைக்குத் தெரு உண்டா? கட்சி உண்டா? நமக்குள் இன்னும் எழும்பி நிற்கும் சுவர்களை இடிக்கத்தான் கேட்கிறேன், கடப்பாரை எடுக்க யார் வருகிறீர்கள்?

செவி தந்தீர்கள், சிரிப்பும் தந்தீர்கள். உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. வணக்கம்!