பானை கழுவிய தண்ணீர்

ஹலோ... ஆமா, ராசாங்கம் லாரி ஆபீஸ்தான்... அவரு இருக்காரு, எதிர்லதான் குந்தியிருக்காரு. ஆனா ஃபோன நான்தான் எடுப்பேன்னு சொல்லிட்டேன். அம்சவள்ளி பேசுறேன்... ஓ, தனத்தக்காவா! சொல்லுங்கக்கா, சொல்லுங்க. காலையிலேருந்து இந்த ஃபோனத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஆமா... ஆமா... தண்ணி வண்டி வரல. சாயங்காலமும் வராது... மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா தின்னுட்டு நிக்கிது. வண்டிக்காரரு பிச்சைமுத்துவும் நல்லாத்தான் இருக்காரு, கயித்துக் கட்டில்ல படுத்துத் தூங்குறாரு. நான்தான் மாட்ட வண்டியில பூட்ட வேண்டாம்னேன்.

தெரியுமே... நாளைக்குக் கலெக்டர் வராரு, உங்க தண்ணிப் பந்தலப் பாக்க. மைக் செட்டெல்லாம் கட்டியாச்சாம்ல?... அட, நாலு பானையும் காஞ்சு கெடக்கா? ஐயோ பாவம்.

என்ன?... கோவமா? எனக்கு எதுக்குக்கா கோவம்?

இருங்க, இருங்க. நான் பேசிடுறேன். பள்ளிக்கூடம் லீவு வுட்டதும் நோட்டீஸ் அடிச்சீங்களா இல்லையா? 'புள்ளைங்களோட குடும்பமா வந்து தொண்டு செய்யுங்க'ன்னு... ம், அடிச்சீங்கள்ல? நாங்க வந்தோமா இல்லையா? இவரு பந்தக்கால் நட்டு கீத்துப் போட்டாரு. நான் தெனம் கூட்டித் தெளிச்சேன். அழகேசன் ஆறு வயசுப் பய, கை ஓய ஓய வர்றவங்களுக்கு விசிறி வீசுனான். எம்பொண்ணு வேம்புக்கு என்ன வேல குடுத்தீங்க?... ஆமா, பானைக்கு அடியில மணல நனைக்கிற வேல. பன்னெண்டு நாளு நனைச்சா. 'மணலு குளுந்தாத்தாம்மா தண்ணி குளுரும்'னு வூட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுப்பா.

நேத்து... ஆமா, நேத்துதான். குரும்பலூர் பஸ்ஸுலேருந்து எறங்குன பெரியவரு தலை சுத்தி உக்காந்துட்டாரு. உங்க ஆளுங்க ஒருத்தரும் பக்கத்துல இல்ல. எட்டு வயசுப் புள்ள, பதறிப்போயி பானையில சொம்ப வுட்டு மொண்டு குடுத்துட்டா. அதுக்கு என்ன பண்ணுனீங்க?... உங்க வாயால சொல்லுங்கக்கா... சொல்ல மாட்டீங்க. பானையச் சாச்சு மண்ணுல ஊத்துனீங்க. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டே நின்னு பாக்க ஊத்துனீங்க. ஊத்திட்டு மூணு தடவ கழுவுனீங்க.

...வழக்கமா? எது, புள்ள மொகத்துக்கு நேரா அப்படிப் பண்றதா?

எம்புள்ள வூட்டுக்கு வந்து தேங்கா நாரெடுத்து உள்ளங்கையத் தேச்சுக்கிட்டே நிக்கிதுக்கா. தோலு செவந்து போச்சு. 'எவ்வளவு தேச்சா போவும்மா?'ங்குது. நான் என்னன்னு சொல்லட்டும்?

நீங்க சும்மா இருங்க. பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த லட்சணத்துல நிக்கிறோம்... உங்களச் சொல்லலக்கா, எங்க வூட்டுக்காரரச் சொன்னேன்.

சரி, ஒண்ணு கேக்குறேன். அந்தப் பானைய எந்தத் தண்ணி ஊத்திக் கழுவுனீங்க?... பீப்பாத் தண்ணி. சரி, பீப்பாத் தண்ணி எங்கேருந்து வருது?... பெருமாள் கோயில் கெணறா! யாரு சொன்னா, உங்க வூட்டுக்காரரு நடராசண்ணனா? அக்கா, கோயில் கெணறு வத்தி ரெண்டு மாசம் ஆச்சு. வேணும்னா போயி எட்டிப் பாத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.

எங்க கொல்லக் கெணத்துத் தண்ணிக்கா அது. மொத நாள்லேருந்து... ஆமா, எங்க தெருவுல எங்க ஆளுங்க தோண்டுன கெணறுதான். அண்ணன்தான் வந்து கேட்டாரு. 'எங்கேருந்து வருதுன்னு தனத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதம்மா'ன்னாரு. வண்டி மட்டுந்தான் எங்களுதுன்னு நெனச்சீங்களா? தெனம் ரெண்டு சொம்பு குடிச்சீங்க. 'என்னா இனிப்புடி, சாமி கெணத்துத் தண்ணி'ன்னு எங்கிட்டயே சொன்னீங்க. அப்ப நான் வாயத் தொறக்கல. இப்பத் தொறக்குறேன். எனக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? நேத்துலேருந்து சோறு எறங்கல, இப்பத்தான் பசியே எடுக்குது.

...ஏன் ஓங்கரிக்கிறீங்க? பன்னெண்டு நாளு தண்ணி, இனிமே வெளிய வராது.

...அதெல்லாம் சனத்த நாங்க தவிக்க வுடல. காலையிலேருந்து எங்க ஆபீஸ் வாசல்லயே ஊத்துறோம். வேம்புதான் ஊத்துறா. உங்க மச்சினரு பழனிவேலுகூட வந்து ரெண்டு டம்ளரு குடிச்சுட்டுத்தான் போனாரு... அவரயே கேட்டுப் பாருங்களேன்.

அழுவாதீங்க. தண்ணி வரும். பத்து மணிக்குத்தான கலெக்டர் வராரு? ஒம்பதரைக்கு உங்க பந்தல்ல பீப்பா நிக்கும்... இருங்க, முழுசாக் கேளுங்க. மொத தண்ணி கலெக்டருக்கு இல்ல. உங்களுக்கு. அத்தன பேரு முன்னாடி. வேம்புதான் ஊத்துவா.

சொம்பு கெடையாது. டம்ளரும் கெடையாது. எங்கப்பா உத்திராபதி உங்க மாமனாரு வூட்டு வாசல்ல எப்படிக் குடிப்பாரு, ஞாவகம் இருக்கா? குனிஞ்சு, ரெண்டு கையையும் குவிச்சு. அதே மாதிரிதான்.

...முடியாதா? சரி, மாடு இப்படியே நிக்கட்டும். கலெக்டருக்குக் காஞ்ச பானையக் காட்டுங்க... அண்ணனக் கேக்கணுமா? தாராளமாக் கேளுங்க.

...ம்... ம்...

என்ன சொன்னாரு?... கேக்கல... இன்னும் கேக்கலக்கா, சத்தமாச் சொல்லுங்க.

...ம். இப்பக் கேட்டுச்சு.

மன்னிப்பெல்லாம் எங்கிட்ட வேணாம். கையத் தேச்சது நான் இல்ல.

சரியா ஒம்பதரைக்கு வந்துருங்க. வெரல நல்லா நெருக்கிக் குவிச்சுக்குங்க, ஒரு சொட்டு கீழ சிந்தக் கூடாது. ஏற்கெனவே ஒரு பானை மண்ணுல போயிருச்சு... வச்சிர்றேன்.